மலிவு கேமரா: குறைந்தது எது, குறைத்தது யார்?

போன தீபாவளிக்கு என் அக்கா மகள் ஆன்லைனில் ஒரு கேமரா வாங்கினாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஊர் சுற்றி வீடியோ போடுகிற ஆசை. பார்சல் வந்த அன்றே போன். “மாமா, ஐயாயிரத்துக்கும் கம்மி. 48 மெகாபிக்சல், 4கே, 16 எக்ஸ் ஜூம். உங்க கேமரா வெறும் 24தானே?” பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன்.

அடுத்த வாரம் அங்கே போனபோது அதைக் கையில் கொடுத்தாள். எடையே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. காலி சோப்பு டப்பா மாதிரி இருந்தது. மேசையில் கிடந்த செய்தித்தாளை ஒரு முழ தூரத்தில் வைத்து ஒரு படம் எடுத்தோம். பட்டனைப் பாதி அழுத்தியதும் திரையில் பச்சைக் கட்டம் வந்தது, ‘பீப்’ என்று சத்தமும் வந்தது. லென்ஸ் மட்டும் அசையவில்லை. அசைவதற்கு அதில் ஒன்றும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தலைப்புச் செய்தி தெரிந்தது; அதற்குக் கீழே இருந்த எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோலம். அதே பக்கத்தை அவளுடைய போனில் எடுத்தோம். வரிவிளம்பரம் வரை படிக்க முடிந்தது.

“அப்போ இது டூப்ளிகேட்டா மாமா?” என்றாள். டூப்ளிகேட் இல்லை. பெட்டியில் போட்டிருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் விற்றவரிடம் ஒரு விளக்கம் இருக்கும். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விலை குறைந்த கேமராவில் இருக்கும் குறைகள் இரண்டு வகை. காசு போதாமல் உள்ளே வைக்காமல் விட்டது ஒன்று. வைக்க முடிந்தும் வேண்டுமென்றே எடுத்துவிட்டது இன்னொன்று. முதல் வகையைச் செய்தித்தாள் ஒன்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது வகையைப் பெரிய கம்பெனிகள் செய்கின்றன, அதுவும் நல்ல கேமராக்களில்.

முதலில் அந்த 48. டிஜிட்டல் கேமராவில், பிலிம் இருந்த இடத்தில் சென்சார் என்ற சில்லு இருக்கிறது. அதில் வெளிச்சத்தை வாங்குகிற புள்ளிகள்தான் பிக்சல்கள்; பத்து லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். இந்த மாதிரிக் கேமராக்களில் உள்ளே இருக்கும் சில்லு பெரும்பாலும் பெட்டியில் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. படம் எடுத்த பிறகு, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நிறம் இருந்திருக்கும் என்று மென்பொருள் ஊகித்து நிரப்பும். இதை இன்டர்போலேஷன் என்பார்கள். 8 மெகாபிக்சல் சில்லிலிருந்து 48 மெகாபிக்சல் படம் வந்தால், ஆறு புள்ளிகளில் ஐந்து கேமரா பார்க்கவே பார்க்காதவை. ஒரு லிட்டர் பாலில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி ஆறு லிட்டர் என்று விற்கிற கணக்குதான். 4கே என்பதும் அப்படியே. 4கே வீடியோவின் ஒரு காட்சிக்கு 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளி வேண்டும். 5 மெகாபிக்சல் சில்லுக்குள் அது அடங்காது, ஊதித்தான் பெரிதாக்க வேண்டும். 16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியைக் கத்தரித்து எடுத்துக்கொள்வது. போனில் இரண்டு விரலால் நாமே செய்வதுதான்.

மெகாபிக்சலைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அந்தப் பெட்டியில் அதைத் தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. சென்சாரின் அளவு. சாதாரண பாக்கெட் கேமராக்களில் பல வருடமாக வந்த ‘1/2.3 அங்குல’ சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் (லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய, உள்ளே ஆடி வைத்த பெரிய கேமராக்கள்) இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார் ஏறத்தாழ 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. பரப்பில் 13 மடங்கு. அந்தி சாய்ந்த பிறகு, டியூப்லைட் வெளிச்சத்தில், கல்யாண மண்டபத்தில் இந்த 13 மடங்கு தெரியும். (ஒரு வேடிக்கை: 1/2.3 அங்குலம் என்றால் கணக்குப்படி 11 மி.மீ. வர வேண்டும். ஆனால் அந்தச் சென்சாரின் மூலைவிட்டமே 7.7 மி.மீ.தான். பழைய டிவி கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயரிட்ட வழக்கம் இது. குழாய் போய்விட்டது, பெயர் நிற்கிறது.)

சரி, மலிவு என்றாலே மட்டமா? கேமராவின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1900-ல் கோடாக் கொண்டுவந்த பிரவுனி கேமராவின் விலை ஒரு டாலர். அட்டைப் பெட்டி, ஒற்றைக் கண்ணாடி லென்ஸ், ஃபோகஸ் செய்ய வழி கிடையாது. உள்ளே இருப்பதை எண்ணினால் என் அக்கா மகளின் கேமராவைவிடக் குறைவு. ஆனால் பிலிமில் ஒவ்வொரு படமும் இரண்டேகால் அங்குலச் சதுரம், சுமார் 57 மி.மீ. அதை அப்படியே தாளோடு ஒட்டிவைத்து அதே அளவில் பிரின்ட் போட்டார்கள். பெரிதாக்கவே இல்லை, அதனால் லென்ஸின் குறை கண்ணில் படவில்லை. நகத்தைவிடச் சிறிய சில்லில் விழுந்ததை ஒரு முழத் திரைக்கு இழுக்கும்போதுதான் மட்டமான லென்ஸ் மாட்டிக்கொள்கிறது. பிரவுனி முதல் வருடத்திலேயே ஒன்றரை லட்சம் விற்றது. கோடாக்குக்கு லாபம் அந்தப் பெட்டியில் இல்லை. 15 சென்ட் பிலிம் சுருளிலும், அதைக் கழுவிப் பிரின்ட் போடுவதிலும் இருந்தது. கேமரா மலிவாக இருந்தால்தான் பிலிம் விற்கும், படம் தெரிந்தால்தான் அடுத்த சுருள் விற்கும். ஆகவே பெட்டியில் கஞ்சத்தனம் செய்தவர்கள் படத்தில் செய்யவில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் த்ரீ இருந்தது. பரோடாவில் தயாரானது. ‘120’ என்ற வகைப் பிலிம் சுருளில் 12 சதுரப் படம் விழும். வெயில், மேகம் என்று லென்ஸுக்குப் பக்கத்தில் குறி இருக்கும். ஒன்றில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் ‘செட்டிங்’. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள் அதற்குள் போகும். அக்காவின் காதுகுத்துப் படங்கள் இன்றும் ஆல்பத்தில் இருக்கின்றன. முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வெயிலைப் பார்த்து நிற்கவைத்ததில் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கியிருப்பதும் தெரிகிறது.

இனி இரண்டாம் வகை. இதற்குக் கேமராவை விட்டுக் கொஞ்சம் ரயிலேற வேண்டும். பிரான்சில் அந்தக் காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை கிடையாது, உட்காருவது வெறும் மரப்பலகை. ரயில் கம்பெனி ஏழைகள்மேல் இரக்கமில்லாதது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜூல் தூப்வி என்ற பொறியாளர் 1849-ல் வேறு ஒரு காரணம் சொன்னார். கூரை போடுவதற்கு ஆகும் சில ஆயிரம் பிராங்குக்காக அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கூரை போட்டுவிட்டால், இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார். நனைவது ஏழை, பயமுறுத்த நினைத்தது பணக்காரரை.

கூரையில்லாத ரயில் பெட்டி எல்லாத் தொழிலிலும் உண்டு. 1990-ல் ஐபிஎம் ஒரு லேசர் பிரின்டரை விலை குறைத்து ‘ஈ’ என்ற எழுத்தைச் சேர்த்து விற்றது. மூல பிரின்டர் நிமிடத்துக்கு 10 பக்கம் அடித்தது, இது 5. உள்ளே இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகத்தைக் குறைப்பதற்கென்றே தனியாக வேலை செய்து சேர்த்திருந்தார்கள். ஒரு பொருளைக் கெடுக்கவும் செலவாகும், அந்தச் செலவையும் செய்தால்தான் லாபம் என்கிற நிலை. பொருளாதாரக்காரர்கள் இதற்கு ‘டேமேஜ்டு குட்ஸ்’, கெடுத்த சரக்கு, என்று கூச்சமில்லாமல் பெயரே வைத்துவிட்டார்கள்.

கேமராவில் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், 2003 ஆகஸ்டில் வந்த கேனன் ஈஓஎஸ் 300டி. ஆயிரம் டாலருக்குள் கிடைத்த முதல் டிஎஸ்எல்ஆர் அது. லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் 899 டாலர். அதே வருடம் கொஞ்சம் முன்னால் கேனன் 10டி என்ற விலை கூடிய மாடலை விட்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே 6.3 மெகாபிக்சல் சென்சார். 300டி-யில் உடம்பு வெள்ளி நிறப் பிளாஸ்டிக். கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் கண்ணாடிப் பிரிஸத்துக்குப் பதிலாக மலிவான ஆடிகள். தொடர்ந்து எடுத்தால் 4 படத்தோடு மூச்சு வாங்கும், 10டி 9 வரை போகும். இதெல்லாம் நியாயமான மிச்சம். ஆனால் ஃபிளாஷின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, எடுப்பதற்கு முன் ஆடியை மேலே நிறுத்திவைக்கும் வசதி, மங்கிய வெளிச்சத்தில் எடுக்க உதவும் ஐஎஸ்ஓ 3200, இவையும் இல்லை. இவற்றுக்குப் புதிதாக ஒரு பாகமும் தேவையில்லை. கொஞ்ச நாளில் ஒருவர் கேமராவுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை மாற்றி வெளியிட்டார். அதை ஏற்றியவர்களின் 300டி-யில் அந்த வசதிகளெல்லாம் வேலை செய்தன. கேமராவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, மெனுவில் மறைத்திருந்தார்கள்.

கம்பெனியின் பக்கம் நின்று பாருங்கள். 10டி வாங்கத் தயாராக இருக்கும் ஸ்டுடியோக்காரருக்கு ஃபிளாஷ் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். 899 டாலரில் அது கிடைத்துவிட்டால் அவர் ஏன் மேலே ஏறப் போகிறார்? அவரை நிறுத்தத்தான் இந்த வேலி. புதிதாகக் கேமரா பிடிப்பவர் அந்த வசதியைத் தேடவே மாட்டார் என்பது அவர்கள் கணக்கு. முதல் ஆறு மாதத்துக்கு அந்தக் கணக்கு சரிதான்.

வேலியை நகர்த்துவது எது? நம் கோபம் இல்லை, பக்கத்துக் கடை. 2004 ஜனவரியில் நிக்கான் 999 டாலருக்கு டி70-ஐ அறிவித்தது; கேனன் ஒளித்துவைத்த ஃபிளாஷ் கட்டுப்பாடு அதில் திறந்தே இருந்தது. 2005-ல் கேனன் விட்ட 350டி-யில் அதுவும் ஆடியை நிறுத்தும் வசதியும் தாமாகவே வந்து சேர்ந்தன.

நிக்கானும் வேலி கட்டாத கம்பெனி அல்ல. 2006-ல் வந்த டி40-லிருந்து அதன் அடிமட்ட மாடல்களில் ஃபோகஸ் மோட்டாரை பாடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். டி3000, டி5000 வரிசைகள் முழுக்க இப்படித்தான். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால் மட்டும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். ‘மலிவா ஒரு 50 மி.மீ. லென்ஸ் வாங்கு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸை வாங்கிவந்தால், கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆனால் இதை முழுக்க வேலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மோட்டாரை எடுத்ததில் கேமரா நிஜமாகவே சின்னதானது, எடை குறைந்தது. மிச்சம் பாதி, வேலி பாதி.

இப்படிச் சமாதானம் சொல்ல முடியாத ஒன்று ஹாட் ஷூ. கேமராவின் தலையில் ஃபிளாஷைச் சொருகும் உலோகத் தண்டவாளம் அது. அதன் நடுவில் பொட்டு மாதிரி ஒரு உலோகப் புள்ளி இருக்கும். படம் எடுக்கும் கணத்தில் ‘இப்போது அடி’ என்று ஃபிளாஷுக்குச் சொல்வது அந்தப் பொட்டுதான். எந்தக் கம்பெனி ஃபிளாஷாக இருந்தாலும், தள்ளி வைத்த ஃபிளாஷை அடிக்கவைக்கும் ட்ரிகர் எவ்வளவு மலிவாக இருந்தாலும், பல பத்தாண்டுகளாக இதை நம்பித்தான் வேலை செய்தன. 2018-ல் வந்த கேனன் 1500டி, 3000டி, அடுத்த வருடம் வந்த 200டி மார்க் டூ ஆகியவற்றில் அந்த நடுப்பொட்டைக் காணோம். கேனன் முறைக்கென்று செய்த ஃபிளாஷ்கள் ஓரத்துப் பொட்டுகள் வழியாகப் பேசிக்கொள்ளும். பொட்டு ஒன்றை மட்டும் நம்பிய எளிய ஃபிளாஷும் ஸ்டுடியோ லைட் ட்ரிகரும் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தப் பொட்டின் அடக்க விலை எத்தனை பைசா இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? விளக்கு வைத்துப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பையன்தான் இந்தக் கேமராவை வாங்குவான். மலிவு ட்ரிகர் வாங்குவதும் அவன்தான். மெனுவில் ஒளித்ததையாவது யாரேனும் ஃபர்ம்வேரில் திறந்துவிடலாம். இல்லாத பொட்டை எப்படித் திறப்பது?

2023-ல் வந்த கேனன் ஆர்100-ல் திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. அசையாத, தொடுவசதி இல்லாத திரை. தெருமுனைக் கடையில் கிடைக்கும் மலிவுப் போனில்கூட இருப்பதை 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராவில் எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும், வேலி என்பதே அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மாடல்தான், எல்லா வசதியும் உண்டு என்றால் விலை நடுவில் எங்கோ போய் நிற்கும். மாணவர்கள் வாங்கவே முடியாது. சென்சாருக்கும் ஃபோகஸ் நுட்பத்துக்கும் ஆன ஆராய்ச்சிச் செலவை மேல்மாடல்காரர் தூக்குவதால்தான் அதே சென்சார் கீழே நமக்கு வருகிறது. 300டி-யை வாங்கியவர் குறையோடு வாங்கினார், ஆனால் முன்பு தொடவே முடியாத ஒன்றை வாங்கினார். எனக்கு எரிச்சல் வருவது, எது இல்லை என்பதைப் பெட்டியில் எங்கும் சொல்லாமல் விடும்போது. இருப்பதையெல்லாம் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள் இல்லையா?

இன்னொரு வேலி கண்ணுக்குத் தெரியாது: லென்ஸ் மவுன்ட், அதாவது பாடியில் லென்ஸைப் பூட்டும் வாய். பிரவுனிக்குப் பிலிம் எப்படியோ, இன்றைய பாடிக்கு லென்ஸ் அப்படி. பாடியை விலை குறைத்துக் கொடுத்துவிட்டு லென்ஸில் வருடக்கணக்காக எடுத்துக்கொள்ளலாம். சோனி தன் ஈ மவுன்டின் அடிப்படை விவரங்களை 2011-ல் மற்ற தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்தது. அதனால் அதற்குச் சிக்மா, டாம்ரான் என்று மலிவான நல்ல லென்ஸ்கள் குவிந்தன. 2018-ல் ஆர்எஃப் மவுன்டைத் தொடங்கிய கேனன் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. ஏபிஎஸ்-சி கேமராக்களுக்குச் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்யப்போவதாக அறிவிப்பு வந்ததே 2024 ஏப்ரலில்தான். முதல் கேமரா வாங்குபவர் பாடியை ஒப்பிட்டே ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார். அந்த மவுன்டில் மலிவான 50 மி.மீ. லென்ஸ் என்ன விலை என்று ஒரு மாலை நேரம் பார்த்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

ஏன் நல்ல கம்பெனிகள் ஐயாயிரம், பத்தாயிரத்துக்கு ஒன்றும் செய்வதில்லை என்று அக்கா மகள் கேட்டாள். செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஜப்பானியக் கேமரா சங்கமான சிபாவின் கணக்குப்படி 2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் போயின. 2023-ல் சுமார் 77 லட்சம். நடுவில் போன் வந்து பாக்கெட் கேமராவைச் சாப்பிட்டுவிட்டது. கேசியோ 2018-ல் சிறிய கேமராக்களை நிறுத்தியது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவையே விற்றது. மிஞ்சியவர்கள் குறைந்த எண்ணிக்கையில் விலை கூடிய கேமராக்களை விற்றுப் பிழைக்க மேல்மாடிக்குக் குடிபோனார்கள். காலியான கீழ்த்தளத்தில்தான் பெயர் தெரியாத 48 மெகாபிக்சல்கள் கடை போட்டன. கூடவே பெயர் தெரிந்த, ஆனால் பெயர் மட்டுமே வாடகைக்கு வந்த பழைய பிராண்டுகளும்.

வாடகைப் பெயர் என்பதாலேயே ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2025-ல் கோடாக் பெயரில், ஹாங்காங்கின் ரெட்டோ என்ற கம்பெனி சார்மெரா என்று ஒரு கேமரா விட்டது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம், 30 கிராம், விலை 29.99 டாலர். படம்? 1.6 மெகாபிக்சல். அதை அப்படியே வெளியில் சொல்லித்தான் விற்றார்கள், விற்றும் தீர்ந்தது. 1.6 என்று சொல்லி 1.6 கொடுப்பவருக்கும், 48 என்று சொல்லி 8-ஐக் கொடுப்பவருக்கும் நடுவே எனக்குத் தேர்வு சுலபம். மங்கல் படம் வேண்டும் என்று தெரிந்தே வாங்குபவரை யாரும் ஏமாற்றவில்லை.

வாங்கப் போகிறவருக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சென்சார் அளவை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் வெட்கப்படுகிறார்கள் என்று அர்த்தம். ‘ஆப்டிகல் ஜூம்’ எத்தனை என்று பாருங்கள், டிஜிட்டலை மறந்துவிடுங்கள். பெரிய கம்பெனி மாடல் என்றால் அதற்கு ஒரு படி மேலே உள்ள மாடலின் விவரப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, இதில் எது இல்லை என்று வரி வரியாகப் படியுங்கள். வேலி எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும், அதைத் தாண்ட வேண்டிய தேவை உங்களுக்கு உண்டா என்பதும். அப்புறம், பத்து வருடப் பழைய நடுத்தர டிஎஸ்எல்ஆர் ஒன்றைக் கைமாற்றில் பாருங்கள். மேல்மாடல்காரருக்காக அன்று திறந்துவைத்த வசதிகள் அதில் இருக்கும், ஹாட் ஷூவில் பொட்டும் இருக்கும். வாங்குமுன் ஃபிளாஷ் ஒன்றைச் சொருகி அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அக்கா மகள் கேமராவைத் திருப்பி அனுப்ப நினைத்தபோது அதற்கான நாள் தாண்டியிருந்தது. போனுக்கு ஒரு நல்ல காலர் மைக் வாங்கிக்கொண்டாள், வீடியோ போய்க்கொண்டிருக்கிறது. அந்த 48 மெகாபிக்சல் இப்போது அவள் தம்பியிடம். போன வாரம் தெருநாய் ஒன்றை அதில் எடுத்திருந்தான். நாய் பாதி நகர்ந்துவிட்டது, படம் முழுக்க மஞ்சளடித்துக் கிடந்தது. அக்கா மகள் அதைத்தான் இரண்டு நாளாக ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள்.